ஓஏபி பணம்: தாலுகா ஆபீஸ் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வேலித் தகராறு என்று எல்லாமும் வரும். ஆனால் நான் மேசையைத் துடைத்துப் போடுவதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாக முதியோர் உதவித்தொகைக்காக வந்தவர்கள்தான். கேட்கிற ஆள் மாறுவாரே தவிரக் கேள்வி மாறாது. அடிக்கடி வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை. புதுச்சேரி, காரைக்காலில் தொகையும் விதியும் வேறு.

ஓஏபி என்பது யார் கொடுக்கிற பணம்?

‘ஓல்டு ஏஜ் பென்ஷன்’ என்பதைத்தான் எல்லோரும் ஓஏபி என்கிறோம். பென்ஷன் என்று பெயர் இருந்தாலும் இது வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு வருகிற பென்ஷன் அல்ல. வருமானமும் ஆதரவும் இல்லாத முதியோருக்கு அரசு தருகிற மாத உதவி. காமராசர் முதல்வராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1 அன்று, மாதம் 20 ரூபாயோடு தமிழ்நாட்டில் இது தொடங்கியது. மத்திய அரசு இந்த வேலையில் இறங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அப்போது வயது வரம்பு 65. 2007-இல் அந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். 2011-இல் வயது 60 ஆகக் குறைந்தது.

இன்று இரண்டு அரசுகளின் பணமும் சேர்ந்து ஒரே தொகையாக வருகிறது. நடத்துவது வருவாய்த் துறை. தாலுகா ஆபீசில் இதற்கென்றே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஒருவர் இருப்பார். பட்டாவுக்குப் போகிற தாசில்தார் அறைக்குப் போய் நின்றுவிட்டு, ‘இங்கே இல்லை, அந்தப் பக்கம் போங்க’ என்று திரும்பி வருபவர்கள் தினமும் உண்டு. வாசலிலேயே ‘சமூகப் பாதுகாப்பு’ எந்த அறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் எவ்வளவு?

2011-இல் 500 ரூபாய் 1,000 ஆனது. பிறகு பன்னிரண்டு வருடம் அசையவே இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு வெறும் 200 ரூபாய். அந்த 200 முடிவானது 2006-இல். அன்றைக்கு நிர்ணயித்ததை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பதை யோசித்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மிச்சத்தைப் போடுவது மாநில அரசு.

80 வயது ஆனால் 500 ரூபாய் கூடுதலாக வருமாமே?

வராது. 80 ஆனால் மத்திய அரசின் பங்கு 200-இலிருந்து 500 ஆகிறது. அந்த அளவுக்கு மாநிலத்தின் பங்கு குறையும். உங்கள் கைக்கு வருவது அதே தொகைதான். செய்தித்தாளில் பாதி படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

யாருக்குக் கிடைக்கும்?

வயது 60 முடிந்திருக்க வேண்டும். சொந்த வருமானம் இருக்கக்கூடாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அசையாச் சொத்து இருந்தால் அதன் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. வேறு எந்த ஓய்வூதியமும் வாங்கக்கூடாது. அப்புறம், ‘ஆதரவற்றவர்’ என்ற சொல். கோப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த ஒரு சொல்தான்.

எனக்கு மகன் இருக்கிறான். அப்படியானால் கிடைக்காதா?

தினமும் முதலில் வருகிற கேள்வி இது. மகன் இருக்கிறானா என்பதைவிட, அவன் உங்களைப் பராமரிக்கிறானா என்பதுதான் விசாரணையில் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் அதை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒரு பெரியவர். கழுத்தில் துண்டு, கையில் மஞ்சள் பை, எழுபதைத் தாண்டிய வயது. தள்ளுபடி ஆன விவரத்தைக் காட்டினார். காரணம்: ‘மகன் பராமரிப்பில் உள்ளார்’. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பொங்கலுக்கு வந்தால் ஐந்நூறு ரூபாய் கொடுப்பான், அவ்வளவுதான் என்றார். ‘விஏஓ விசாரிக்க வந்தப்ப என்ன சொன்னீங்க ஐயா?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் நின்னாங்க தம்பி. புள்ள பாக்கலைன்னு எப்படிச் சொல்றது? நல்லாப் பாத்துக்கிறான்னு சொல்லிட்டேன்’ என்றார்.

அவர் மானத்துக்காகச் சொன்ன ஒரு வார்த்தை அப்படியே அறிக்கையாகிவிட்டது. விசாரிக்க வந்தவரையும் குறை சொல்ல முடியாது. காதில் விழுந்ததைத்தானே எழுதுவார்? எனவே விசாரணைக்கு ஆள் வரும்போது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மகன் எங்கே இருக்கிறான், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பணம் அனுப்புகிறான், எவ்வளவு என்று கணக்காகச் சொல்லுங்கள். தெருவில் நின்று பேசக் கூச்சமாக இருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். கேட்கத்தான் வந்திருக்கிறார்.

இன்னொன்று ரேஷன் கார்டு. மகன் குடும்பத்தோடு ஒரே கார்டில் பெயர் இருந்தால், நீங்கள் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்வதை யாரும் சுலபத்தில் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே தனி அடுப்பு என்றால் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒருவருக்கு மட்டும்கூடக் கார்டு தருவார்கள்.

ஓட்டு வீடு ஒன்று என் பேரில் இருக்கிறது. தடையா?

வீடு இருப்பதே தடை அல்ல, மதிப்புதான் கணக்கு. 1 லட்சத்துக்குள் அடங்குமா என்பதை விஏஓ அறிக்கையில் எழுதுவார். செத்துப்போன அப்பா பேரில் கிடக்கிற பட்டா, பங்காளிகள் ஐந்து பேரோடு கூட்டுப் பட்டா என்று இருந்தால், உங்கள் பங்கு எவ்வளவு என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மொத்த நிலமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

மில்லில் வேலை பார்த்தேன். பிஎஃப் பென்ஷன் 1,000 ரூபாய் வருகிறது. ஓஏபியும் வாங்கலாமா?

முடியாது. பிஎஃப் பென்ஷனில் குறைந்தபட்சமே 1,000 ரூபாய்தான், 2014 செப்டம்பரிலிருந்து அதே நிலை. ஓஏபியைவிடக் குறைவாக வாங்குகிறோமே என்று மில் தொழிலாளர்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் விதி, ஒரு ஆளுக்கு ஒரு ஓய்வூதியம். கட்டுமான நலவாரியம், அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியம் வழியாக வாங்குகிறவர்களுக்கும் இதேதான். மறைத்து வாங்கினால் ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

விதவை உதவித்தொகை வாங்குகிறவர்களும் இரண்டாவதாக ஓஏபி கேட்க முடியாது. மாற்றுத்திறனாளி என்றால் ஓஏபிக்குப் பதில் அந்த உதவித்தொகையைக் கேளுங்கள். வருவாய்த் துறை வழியாக வருவது 2023 ஜனவரியிலேயே 1,500 ரூபாய் ஆகிவிட்டது. காது கேட்காமல், கால் நடக்க முடியாமல் இருக்கிற பல பேர் அடையாள அட்டை வாங்காமலே ஓஏபி வரிசையில் நிற்கிறார்கள்.

விவசாயக் கூலிகளும், நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர், புஞ்சை என்றால் ஐந்து ஏக்கர் வரை வைத்துக்கொண்டு தாங்களே பாடுபடுகிற சிறு விவசாயிகளும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், அதன் கீழேயே முதியோர் ஓய்வூதியம் கேட்கலாம். கொஞ்சம் நிலம் இருப்பதால் ஓஏபி கிடைக்காதவர்களுக்கு இதுதான் வழி.

எனக்கு வயதுச் சான்று எதுவும் இல்லை. ஆதாரில் வயது தப்பு.

பள்ளிக்கூடம் போகாத தலைமுறை. ஆதார் எடுத்த அன்று முகாமில் இருந்த பையன் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைத் தட்டியிருப்பான். பல பேருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1 என்றே இருக்கும். ஒரே ஆளுக்கு ஆதாரில் 57, வாக்காளர் அட்டையில் 64, ரேஷன் கார்டில் 61 என்று பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்குங்கள். வாக்காளர் அட்டையையும் சேர்த்து வையுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு தடவைதான் திருத்த விடுவார்கள், அதனால் அவசரப்பட்டு ஏதோ ஒரு தேதியைப் போட்டு அந்த வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள். மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இருந்தால் எடுத்து வாருங்கள். மகனுக்கு 45 வயது என்று காகிதம் இருக்கும்போது அம்மாவுக்கு 57 என்று யாரும் வாதாட மாட்டார்கள்.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

இ-சேவை மையத்தில். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், போட்டோ, செல்போன் எண் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்குத்தான் 60 ரூபாய். இரண்டையும் ஒன்றாக்கி 200, 300 என்று கேட்டால் ரசீது கேளுங்கள். பேச்சு மாறும்.

செல்போன் எண் விஷயத்தில் ஜாக்கிரதை. பேத்தியின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவள் கல்யாணமாகிப் போனதும் எஸ்எம்எஸ் எங்கே போகிறது என்றே தெரியாமல் இருக்கிறவர்கள் உண்டு. விண்ணப்ப எண் அச்சடித்த ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். மெல்லிய தாள் என்றால் எழுத்து அழிந்துபோகும், ஜெராக்ஸ் எடுத்து பாஸ்புக்கில் சொருகி வையுங்கள்.

விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை.

விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று மேலே போகும். தகுதி இருக்கிறது என்று எல்லோரும் எழுதிவிட்டாலும் உடனே பணம் வந்துவிடாது. மாநிலம் முழுக்க எல்லாச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களையும் சேர்த்தால் வாங்குகிறவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். எத்தனை பேருக்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய பயனாளி இறந்தோ நீக்கப்பட்டோ இடம் காலியானால்தான் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறவருக்கு ஆணை வரும் நிலை பல இடங்களில் உண்டு. ஒருவர் சாவுக்கு இன்னொருவர் காத்திருப்பது போல. இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான்.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்ப வரும்?’ என்பது அல்ல. ‘என் மனு யாரிடம் இருக்கிறது, ஏற்கப்பட்டதா, பட்டியலில் எத்தனையாவது?’ என்று கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்று சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்டிஓவிடம், மேல்முறையீடு செய்யலாம். தள்ளுபடிக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் வாங்குங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். சொத்து இருக்கிறது என்றால் பட்டா நகல், மகன் பார்க்கிறான் என்றால் தனி ரேஷன் கார்டு. ‘நான் ரொம்ப ஏழை, கருணை காட்டுங்கள்’ என்று இரண்டு பக்கம் எழுதுவதால் ஒன்றும் நடக்காது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்க வருடத்துக்கு ஒரு தடவை வருகிற ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். ஜமாபந்தி நல்லது, அன்றைக்கு விஏஓவும் கணக்கோடு அங்கேயே இருப்பார். 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம்.

பணம் எப்படிக் கைக்கு வரும்? ரேகை விழமாட்டேன் என்கிறதே?

வங்கிக் கணக்கில் வரும். கிராமங்களில் வங்கி முகவர் சின்ன மெஷினோடு வந்து, கைரேகை வைத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார்.

அந்த ரேகைதான் பாடு. முப்பது நாற்பது வருடம் பீடி சுற்றிய விரலிலும் புளி தட்டிய விரலிலும் ரேகை எங்கே இருக்கும்? முகவர் வருகிற நாளில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திண்ணையில் பார்க்கலாம். பாட்டிகள் கட்டைவிரலை முந்தானையில் தேய்த்துத் தேய்த்து, ஈரத்துணியில் துடைத்து, வைத்து, எடுத்து, திரும்ப வைத்து… மெஷின் ‘பொருந்தவில்லை’ என்று காட்டும். ஒரு விரல் வேலை செய்யாவிட்டால் பத்து விரலையும் முயலச் சொல்லுங்கள். பெரும்பாலும் மோதிர விரலோ சுண்டு விரலோ காப்பாற்றும். ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதியவும் செய்யலாம். எதுவும் ஆகவில்லையா, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்குப் போங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களின் வீட்டார் இதை எழுதிக் கேட்கலாம்.

முகவருக்கான கமிஷன் வங்கியிலிருந்து வருகிறது. உங்கள் பணத்தில் 50, 100 என்று பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. அப்புறம், ஏடிஎம் கார்டை அடகு வைத்துக் கைமாற்று வாங்காதீர்கள். ரகசிய எண்ணோடு கார்டைக் கொடுத்துவிட்டு, ஐயாயிரம் கடனுக்கு இரண்டு வருடப் பணத்தைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு நானே போலீஸ் மனு எழுதியிருக்கிறேன்.

வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது.

முதலில் வங்கியில் கேளுங்கள், கணக்கு முடங்கியிருக்கலாம். அங்கே சரியாக இருந்தால் தாலுகா ஆபீஸ். சரிபார்க்க ஆள் வந்த நாளில் நீங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தால் ‘முகவரியில் இல்லை’ என்று எழுதியிருக்கலாம். ‘இறந்துவிட்டார்’ என்று எழுதப்பட்ட ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். ஆதாரோடு நேரில் போய் நின்று, நின்றுபோன மாதங்களைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். ஊர் மாறிப் போவதாக இருந்தால் புது முகவரிக்கு மாற்றக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பணம் தவிர வேறு என்ன உண்டு?

ஓஏபி வாங்குகிறவர்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேட்டி அல்லது சேலை. சத்துணவு மையத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ. பென்ஷன் கிடைக்காத 65 வயதுக்காரர்களுக்கு அன்னபூர்ணா திட்டத்தில் மாதம் 10 கிலோ அரிசி உண்டு, இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

சென்னையில் இருந்தால் 60 வயதானவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன். பெண்களுக்கு டோக்கனே வேண்டாம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து இலவசம். ரயிலில் இருந்த மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வாங்குகிறேன். ஓஏபியும் கேட்கலாமா?

ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது. ஆனால் மாமியார் ஓஏபி வாங்குவதால் மருமகளுக்கு உரிமைத் தொகை கிடைக்காது என்பது தவறு. 2023-இல் முதலில் அப்படித்தான் இருந்தது, அந்த ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள். இதை வைத்து மாமியாரின் ஓஏபியை எழுதிக்கொடுத்து நிறுத்தச் சொல்லி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம்.

வீட்டுக்காரர் ஓஏபி வாங்கிக்கொண்டிருந்தார், இறந்துவிட்டார். அந்தப் பணம் எனக்கு மாறுமா?

மாறாது, இது குடும்ப ஓய்வூதியம் அல்ல. இறப்பைத் தாலுகா ஆபீசில் தெரிவித்துவிட்டு, உங்கள் பேரில் விதவை உதவித்தொகைக்கோ ஓஏபிக்கோ புதிதாக விண்ணப்பியுங்கள். அவர் கணக்கில் அடுத்த மாதமும் பணம் ஏறினால் எடுத்துவிடாதீர்கள், திரும்பக் கேட்பார்கள்.

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள்.

இதற்கு ஓஏபி மட்டும் போதாது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்டை, பார்க்கவில்லை என்றால் ரத்து செய்யவும் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. இனிமேல்தான் எழுதிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள். எங்கே போவது என்றே தெரியாமல் நிற்கிறவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

மேல்முறையீட்டு மனுவில் என்ன எழுதுவது?

அரைப் பக்கம் போதும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

‘ஐயா, நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். வயது 71. மனைவி இறந்துவிட்டார். மகன் ஒருவர் திருப்பூரில் தன் குடும்பத்துடன் வசிக்கிறார். பொங்கலுக்கு மட்டும் ரூபாய் 500 கொடுப்பார், வேறு உதவி இல்லை. எனக்கு நிலம் இல்லை. குடியிருப்பது வாடகை வீடு. வேறு ஓய்வூதியம் எதுவும் பெறவில்லை. எனது விண்ணப்பம், மகன் பராமரிப்பில் இருப்பதாகத் தவறாகக் கருதித் தள்ளுபடி செய்யப்பட்டது. தனிக் குடும்ப அட்டை, வாடகை ரசீது இணைத்துள்ளேன். மறுவிசாரணை செய்து உதவித்தொகை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

மேலே விண்ணப்ப எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஆபீசில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். மஞ்சள் பைப் பெரியவருக்கு எழுதிப் படித்துக் காட்டியபோது, அந்த ஐந்நூறு ரூபாய் வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். அடித்துவிடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ‘போன பொங்கலுக்கு அதுவும் குடுக்கல தம்பி, அதையும் சேர்த்து எழுது’ என்றார்.